குளிர்காலத்து மின்விசிறி

வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். தொட்டிலில் கிடந்தபோதே வாயைத் திறந்தவள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை மூடவில்லை. சேர்த்த பிறகும் சாயங்காலமானால் பள்ளிக்கூடம்தான் மூடியதே தவிர, அவள் வாய் மூடியதாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்ட வாயாடி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம், பேச்சு குறைந்துபோனவர்களின் குரல். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எங்கே குரல் தாழ்கிறது, இரண்டு சொல்லுக்கு நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதை நூற்றுக்கணக்கான பதிவுகளைக் கொடுத்துக் கணினிக்குப் பழக்கினாள். பழகிய கணினி, புதிதாக ஒரு குரலைக் கேட்டதும், 'இவரைக் கொஞ்சம் கவனியுங்கள்' என்று சிவப்புக் கோடு காட்ட வேண்டும். கவலை இல்லையென்றால் பச்சை.

சிகிச்சைக்கு வந்தவர்களை மருத்துவமனையிலேயே ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்தாள். நலமாக இருப்பவர்களைப் பல்கலைக்கழகத்து ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துவந்தாள். சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த அறை அது. உள்ளே போனால் தான் இமைக்கிற சத்தம் தனக்கே கேட்கும்.

கணினிக்குள் அவள் பழக்கிய அந்த மாடல் அமர்க்களமாகத் தேறியது. கொடுத்த குரலுக்கெல்லாம் சரியான விடை. "உக்காந்து ஆய்வேட்டை எழுத ஆரம்பிம்மா," என்றார் நெறியாளர். அவர் சிரித்ததை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

எழுத உட்கார்ந்தவளுக்கு மனம் அப்பாவிடம் ஓடியது.

அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மலைப்பாதையில் ஒருமுறை ஹாரன் செத்துப்போக, வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியே வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தவர். எதிரே வந்த லாரிகள் எல்லாம் பயந்துபோய்ப் பின்னாலேயே மலையிறங்கினவாம். அம்மா போன பிறகு, அந்தக் குரல் கைப்பேசிக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகிவிட்டது. தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, தினமும் பேசி அனுப்புவார்.

"சாப்பிட்டேன். கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்தேன். நல்லா இருக்கேன். வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. வெக்கட்டுமா?"

பதிவு செய்து அனுப்புகிற பேச்சில் யாரிடம் 'வெக்கட்டுமா' என்று கேட்கிறார்? கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்தும் இருப்பார். அந்த இடைவெளியில் 'வாயேன்' என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். வராது. பதிவு முடிந்துவிடும். அவர் கூப்பிடாமல் இவளாகப் போய் நின்றால் 'படிப்பை விட்டுட்டு ஏன் வந்த' என்பார். அப்படிக் கேட்டுவிடுவாரோ என்றே போகாமல் இருந்தாள்.

அன்று அப்பாவின் பதிவைக் கணினிக்குள் போட்டாள். ஒரே சிவப்பு. உடனே கைப்பேசியை எடுத்தாள்.

"அப்பா, நிஜமா சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன், யாராச்சும் வேற மாதிரி சொன்னாங்களா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற குரலா இது? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பழைய பதிவுகளையும் போட்டுப்பார்த்தாள். எல்லாம் சிவப்பு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசையில் தூங்குமூஞ்சி இருந்தான். ஆய்வகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டு நிரல் எழுதக்கூடியவன்.

"தாயே, அழுது கீபோர்டைத் துருப்பிடிக்க வெச்சிடாதே," என்றான். "உங்க அப்பா பேச்சை வெட்டித் தள்ளிட்டு, நடுவுல பேசாம இருக்கிற இடத்தை மட்டும் போடு. என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

'வெக்கட்டுமா'வுக்குப் பின்னால் இருந்த இடைவெளியை மட்டும் வெட்டிப் போட்டாள். அப்போதும் சிவப்பு.

தூங்குமூஞ்சி நிஜமாகவே விழித்துக்கொண்டான். "ஆளே இல்லாத இடத்துல மனச்சோர்வைக் கண்டுபிடிச்சிருக்கு உன் மாடல்! நோபல் பரிசுக்கு எழுதிப்போடு!"

காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அந்த இடைவெளியைக் கேட்டாள். கடகட, கிர்ர்... கடகட, கிர்ர்... மருத்துவமனைப் பதிவு ஒன்றையும் கேட்டாள். பேச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய அதே கடகட. அந்த அறையின் மின்விசிறி! இத்தனை நாளும் கணினி யாருடைய சோகத்தையும் படிக்கவில்லை. காற்றாடி சுற்றினால் சிவப்பு, பஞ்சு அறை என்றால் பச்சை. அவ்வளவுதான் அது கற்ற வித்தை.

நெறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பதிவெல்லாம் மறுபடி எடுக்கணும், ஒரே அறையில. அது கிடக்கட்டும். உனக்கு ஒரு நிம்மதி. மாடல்தான் சரியில்ல, உங்க அப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

"ஆமா மேடம்," என்றாள். ஆனால் நிம்மதி வரவில்லை.

ஏனென்றால், அப்பாவுக்கு மின்விசிறி ஆகவே ஆகாது. அம்மாவுக்கோ மழையானாலும் குளிரானாலும் அது ஓடினால்தான் தூக்கம். கல்யாணம் ஆன நாள்முதல் இருவருக்கும் அதில் ஓயாத சண்டை. "காத்து காதுக்குள்ள பூந்து மூளையைக் கலைக்குதுடி," என்பார் அவர். "இருந்தாத்தானே கலையும்," என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

இப்போதோ பல் கிட்டுகிற குளிர். அப்பா தனியாக இருக்கிற வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள்.

"அப்பா, ஃபேன் ஓடுதா?"

கைப்பேசிக்குள் கடகட, கிர்ர்.

"ஓடுதும்மா. அதுபாட்டுக்கு ஓடட்டும்னு விட்டிருக்கேன்."

"குளிரலையா?"

"போர்வை இருக்கு."

வானொலிக்கு வாய் மூடிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

"நான் வரட்டுமாப்பா?"

"படிப்பு கெட்டுடாதா?"

"அது ஏற்கெனவே கெட்டாச்சு. உங்களைக் கேக்காம கொள்ளாம உங்க குரலைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். அதுலதான் குட்டு உடைஞ்சுது."

"என்னையே சோதிச்சியா, கழுதை? என்ன மார்க்?"

"பாடமே தப்புப்பா."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. அதற்குப் பின்னால் நீண்ட இடைவெளி. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வாயேன்," என்றார்.

அவள் போய் வாசல் கதவைத் திறந்தபோது கீல் கிறீச்சிட்டது. உடனே உள்ளே கடகட நின்றது. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவிட்ச் பக்கத்திலேயே திருடன் மாதிரி நின்றிருந்தார் அப்பா.

"என்னப்பா, ஃபேன் போடலையா?"

"எனக்குத்தான் ஆகாதே."

அவள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, நேராகப் போய் சுவிட்சைத் தட்டினாள். ஒரே போர்வைக்குள் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அம்மா படுக்கிற பக்கம் பார்த்து வீசிக்கொண்டிருந்தது காற்று.

"உங்க அம்மாவா இருந்தா வேகத்தைக் கூட்டுவா," என்றார்.

"கூட்டவா?"

"ம்."

கூட்டினாள். கடகடவென்று வீடே புறப்பட்டு ஓடுகிற மாதிரி இரைச்சல். அதை மீறி அவளுக்குக் கேட்க வேண்டுமென்று, அப்பா வெகு காலத்துக்குப் பிறகு குரலை உயர்த்தினார்: "இந்தச் சனியனைப் போட்டுக்கிட்டு மனுஷன் எப்படித்தான் தூங்குறது?"