சில்லுக் கப்பல் பேனாட்

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலின் கீழ் மண்டபத்துக்கு இறங்கினால், பேனாட் அதற்குள் கடதாசித் தட்டில் கப்பல் கட்டிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு ரோல்ஸ். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்லட்.

"உதுதான் சில்லுக் கப்பல். மற்றக் கப்பல் மாதிரிப் பின்னுக்கு ஒண்டும் சுத்தாது. சில்லு ரெண்டும் பக்கத்திலை. உள்ளுக்கை நீராவி. விளங்குதோ?"

அகப்பட்டவர் பசியோடு தலையாட்டுவார். என்ன பிரயோசனம்? கப்பல் கரைசேரும் வரை கட்லட்டில் கைவைக்க மனிதர் விடமாட்டார்.

அறுபத்திரண்டு வயது. மொன்றியல் சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் வேலை. அவருடைய கப்பலோ, இங்கிலாந்தில் ஏதோ ஒரு ரயில் கம்பனி நூறாண்டுக்கு முன் ஓட்டியது. யூடியூப்பில் ஒருநாள் தட்டுப்பட்டது; அன்று தொடக்கம் அதைத் தானே நின்று கட்டியவர் போலத்தான் கதை. சண்டைக் காலத்தில் அது கடலில் கண்ணிவெடி வாரியது. சண்டை முடிய மறுபடியும் சனத்தை ஏற்றியது. கடைசியில் உடைத்து இரும்புக்கு விற்றார்கள். அந்த இடம் வந்ததும் பேனாட், "பேந்து பென்சன் எடுத்திட்டுது" என்று முடித்துவிடுவார்.

ஒரு விசயத்தை மட்டும் குரலைத் தணித்துச் சொல்வார். "ஒரே டிக்கெட். ரயிலாலை இறங்கி, அதோடையே கப்பலிலை ஏறலாம். ஆறு மணியெண்டால் ஆறு மணிக்கு வெளிக்கிடும்."

இத்தனை கப்பல் ஞானம் உள்ளவர், மொன்றியலில் ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் இருக்கும் மகள் வீட்டுக்கு மெத்ரோ ரயில்தான். "ஆத்துக்குக் கீழாலை போறது பிரச்சினையில்லை. மேலாலை போறதுதான்..." என்று இழுப்பார்.

கோயில் பங்கின் முதியோர் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜென்சிதான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தாள். கோடைச் சுற்றுலா, பழைய துறைமுகத்திலிருந்து ஆற்றுச் சவாரி. கப்பல் வரலாறு சொல்பவர் பேனாட். நோட்டீஸில் படமும் போட்டாயிற்று. மனிதர் வசமாக மாட்டினார். ஒரு ஞாயிறு நாரிப்பிடிப்பு என்றார். அடுத்த ஞாயிறு தலைச்சுற்று. அதற்கடுத்த ஞாயிறு, "அண்டைக்கு மழையாம்."

"பேனாட் அண்ணைக்குத் தண்ணிப் பயம்!" ஜென்சி பகிடியாகத்தான் சொன்னாள்.

பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி யோசெப்பின் நிமிர்ந்தார். "தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்கை மன்னார்ப் பேசாலையிலை இருந்து இந்தியாவுக்கெண்டு வள்ளத்திலை வெளிக்கிட்டனாங்கள், பிள்ளை. வள்ளக்காரன் நடுக்கடலிலை மணல் தீடை ஒண்டிலை இறக்கிப்போட்டுப் போட்டான். வேறை வள்ளம் வருமோ எண்டு தெரியாது. தண்ணி ஏற ஏற, இந்த மனுசன் என்னைத் தோளிலை தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டது."

ஐயோ, ஏன் வாயைத் திறந்தோம் என்றிருந்தது ஜென்சிக்கு. பேனாட் தட்டிலிருந்த கப்பலின் ஒரு பக்கச் சில்லை எடுத்துக் கடித்தார்.

"வராட்டில் பரவாயில்லை, அண்ணை. நான் நோட்டீஸை மாத்திறன்."

"மாத்தாதை. வாறன்."

சனிக்கிழமை துறைமுகத்தில் நல்ல வெயில். வாசலில் நின்ற பெண்ணிடம் ஜென்சி போனைக் காட்டினாள். அவள் "போன்ஜூர்" என்று எல்லாரையும் உள்ளே விட்டாள். பேனாட் மட்டும் ஏறுபலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்ரை டிக்கெட் எங்கை?"

"போனிலை இருக்கு, அண்ணை. எல்லாருக்கும் சேர்த்து."

"எனக்குக் கடதாசியிலை வேணும்."

பின்னால் நின்ற சங்கத்தார் புறுபுறுத்தார்கள். தொடங்கிவிட்டார் சில்லுக் கப்பல்காரர் என்றது ஒரு குரல். வாசல் பெண் சிரித்துக்கொண்டே போய் ஒன்றை அச்சடித்துக் கொண்டுவந்தாள். "மெர்சி" என்று வாங்கி, புறப்படும் நேரம், கரைக்குத் திரும்பும் நேரம் இரண்டையும் படித்து, தன் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தார். பிறகு யோசெப்பினின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

நடு ஆற்றில் ஜென்சி மைக்கை நீட்டினாள். பேனாட் இடக்கையால் வாங்கிக்கொண்டார். கதை தொடங்கி, சண்டை முடிந்து, கப்பல் பென்சன் எடுத்து, படகு கரைக்குத் திரும்பும் வரை, வலக்கை டிக்கெட் இருந்த சட்டைப்பையைப் பொத்தியபடியே இருந்தது.