விபூதிப் பட்டை அறுந்த இடம்

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பாமாயில் தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். பழைய ஸ்டீல் தொட்டி ஒன்றின் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் அது நசுங்காமல் நிற்குமா? வரைபடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டு, "தாங்கும்" என்று கையெழுத்திட்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. பம்ப் ஓட்டும் லெட்சுமி அக்கா தொட்டிக்கு விபூதி பூசினார். பட்டை நடுவில் அறுந்தது.

"பாஸ், இங்க பள்ளமா இருக்கு லா. ஃபோர்க்லிஃப்ட் இடிச்சது, மேல பெயிண்ட் அடிச்சிட்டாங்க."

உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பள்ளம் கைக்குத் தட்டுப்பட்டது. வட்டம் குலைந்த தொட்டி வெற்றிடத்தில் தகர டின்னைப்போல் நசுங்கிவிடும்.

பள்ளத்தைச் சரிசெய்து, சுற்றிலும் இரும்பு வளையம் பற்றவைத்து, மறுபடி கணக்கிட்டோம். அக்கா பம்பை ஓட்டினார். தொட்டி அசையவில்லை. எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த பூஜையில் அக்கா என் கால்குலேட்டருக்குப் பொட்டு வைத்தார். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"இதுக்கும் வைங்க அக்கா. இப்ப இதுதான் என் முதல் ஆயுதம்."