நிமிடத்துக்கு ஆறு மூச்சு

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை எட்டு மணிக்கு அத்தையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனோம். பித்தப்பையில் கல்.
2. மயக்கம் கொடுக்கும்போது ஃபென்டனில் என்ற வலி மருந்து. மருந்தை ஊசியில் ஏற்றி, லேபிள் ஒட்டி, டாக்டர் கையில் கொடுத்தது நான்.
3. சிறு துளைகள் வழியாகச் செய்வதாக இருந்த அறுவை. உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. வலி கூடுதலாக இருக்கும் என்று, முடியும் நேரத்தில் மார்ஃபினும் போடப்பட்டது.
4. பத்தேமுக்காலுக்கு அத்தை கண் திறந்தாள். கையை அழுத்தச் சொன்னதும் அழுத்தினாள். தொண்டைக் குழாயை எடுத்தோம்.
5. பதினொன்றேகாலுக்கு வார்டு. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், விரலில் கிளிப்.
6. பதினொன்றரைக்கு மயக்க டாக்டர் பெண்ணாடத்தில் அடுத்த கேஸுக்குக் கிளம்பினார்.
7. பன்னிரண்டு மணிக்கு நான் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டு. திரும்பி வந்துவிட்டேன்.
8. பன்னிரண்டேமுக்காலுக்கு அத்தை நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவதில் இருப்பது என் தவறு. நான் மயக்கவியல் டெக்னீஷியன். அந்தப் படிப்பின் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லித் தருகிறார்கள். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு அந்த எண் நெடுநேரம் நன்றாகவே காட்டும். மூச்சு குறைந்துகொண்டே போவதை அது கடைசியில்தான் சொல்லும். மார்ஃபின் மூச்சைக் குறைக்கும்; அதைப் போட்டவர்களுக்கு எண்ணைப் பார்க்கக் கூடாது, மார்பைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். நான் எண்ணவில்லை. மதியம் இருந்த கேஸுக்கு மேசை தயாராக வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை போனபோது, கட்டிலின் பக்கத்தில் மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். அன்று வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"எழுப்பாத பாப்பா. ஆறு மாசமா வயித்து வலில தூங்காதவ. இப்பதான் நல்லா தூங்குறா."

அத்தையின் குறட்டை வார்டு வாசல் வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு ஒரு பெரிய இழுப்போடு மறுபடியும் கேட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடம் முழுதாக.

"மாமா, இது தூக்கம் இல்ல."

"குறட்டை கேக்குதுல்ல? முப்பது வருஷமா இந்த டிராக்டர் பக்கத்துலதான் படுத்துக் கெடக்குறேன். எனக்குத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தாள். குறட்டை வந்தால் ஆள் நிம்மதியாக இருக்கிறார் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். காற்று போகும் வழி பாதி அடைத்துக்கிடப்பதன் சத்தம் அது. நான் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழியின் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய ஒரு புள்ளி, மார்ஃபின் மிஞ்சியதன் அடையாளம்.

தாடையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் மாஸ்க்கோடு சேர்ந்த காற்றுப் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தோம். மயக்க டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்சோனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். நான்கைந்து நிமிடத்தில் அத்தை முகத்தைச் சுளித்தாள். "எரியுதுடி" என்றாள். மூச்சு பதினான்கு. மாமா எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அத்தையோடு வேலை செய்யும் அக்கா உணவு இடைவேளையில் ஹார்லிக்ஸும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் யூனிட்டில் இருக்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த கோப்பைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டுவது வேலை. நாள் முழுக்க வெள்ளைத் தூசி. அத்தைக்கு இருமல் இல்லாத மாதம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே அறுவைக்கு வந்தபோது, இருமலைக் கேட்டுவிட்டு, சளி தெளியட்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார்.

"என்னாடி இது, கல்யாண வூடு மாதிரி எல்லாரும் ஓடுறீங்க?" என்றார் அந்த அக்கா. "செட்டு போட்டா அவ எப்பவும் இப்படித்தான் சாஞ்சிடுவா."

"என்ன செட்டுக்கா? எப்ப போட்டாங்க?"

"காலையிலதான், கெளம்பறதுக்கு முன்னாடி. ரெண்டு செட்டு ஒண்ணா. நேத்து நான்தான் வாங்கிக் குடுத்தேன். இருமினா இந்தத் தடவையும் தொரத்திடுவாங்கன்னு நீதான சொன்னியாம்?"

செட் என்பது மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமல் தாளில் மடித்துத் தரும் நான்கு மாத்திரை. எங்கள் பக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் டீ குடிப்பதுபோல இதை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இருமலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, தூங்க வைக்க ஒன்று. காலையில் மயக்க டாக்டர், "ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்று என் முன்னால்தான் கேட்டார். "இல்லைங்க டாக்டர்" என்றாள் அத்தை. அவள் பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான் அவளுக்கு மருந்து. செட் கணக்கில் வராது.

நான் சொன்னது உண்மைதான். முதல் முறை திருப்பி அனுப்பிய அன்று, அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அடுத்த தடவ டாக்டர் முன்னாடி இருமிடாதீங்க அத்தை, மறுபடியும் போயிட்டு வாங்கன்னுடுவாரு." சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டிலேயே ஆஸ்பத்திரி தெரிந்த பெண் சொன்னால் அது பேச்சாக இருக்காது, உத்தரவாகிவிடும். அதை நான் யோசித்திருக்கவில்லை.

மாத்திரை விஷயத்தை உடனே டூட்டி டாக்டரிடம் சொன்னேன். மார்ஃபினோடு இரண்டு தூக்க மாத்திரை. நலாக்சோன் ஒன்றைத்தான் முறிக்கும், மற்றதைத் தொடாது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முறிக்கும் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், முறிக்கப்பட்ட மருந்து உடம்பில் மிச்சமிருக்கும். வார்டில் எல்லோரும் நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். மாமா சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். நான் தியேட்டருக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி, தாளில் எழுதினேன். பதினான்கு. பதினான்கு. பதின்மூன்று. வெளியே ஜங்ஷன் ரோட்டில் ஏதோ கட்சி வண்டி மைக்கோடு போனது. பன்னிரண்டு. அத்தை ஒரு முறை விழித்து, "நீ சாப்டியா?" என்று கேட்டாள். பத்து. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மானிட்டர் அப்போதும் தொண்ணூற்றேழு என்றுதான் காட்டியது. எட்டு ஆனபோது டாக்டரை மறுபடியும் கூப்பிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் குறட்டை நின்றது. இந்த முறை திரும்ப வரவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் பையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மயக்க டாக்டர் பெண்ணாடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். நலாக்சோனைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மாலை வரை அத்தையின் தலைமாட்டிலேயே நின்றார். போகும்போது என் தாளை வாங்கிப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு ஏன் எதுவும் எழுதல?" என்று மட்டும் கேட்டார். நான் அந்த நேரத்தில் எண்ணவில்லை என்று சொன்னேன். இருமக் கூடாது என்று அத்தையிடம் சொன்னது நான்தான் என்பதை அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இப்போதைய நிலை இதுதான். அத்தை உயிரோடு இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். இருமி இருமித் தையல் போட்ட இடம் தளர்ந்து குடலிறக்கம் வந்துவிட்டது, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேலே வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, செராமிக் தூசி நுரையீரலில் படிந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் குறட்டையால் அடுத்த மயக்கமும் ஆபத்தாகலாம் என்பதால், அறுவைக்கு முன்பே புதுச்சேரிக்குப் போய்த் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொண்டு வரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் லீவு போட முடியாது என்று அத்தை இதுவரை போகவில்லை. அறுவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது, மாமா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.