சுறாவுக்காக மல்லுக்கு நின்றவள்

அந்த அருங்காட்சியகத்தில் அவளை எல்லாரும் 'பலகையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த உயிரினம் எங்கே வாழும், என்ன தின்னும் என்று கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே எழுதி மாட்டுவது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் ஆழ்கடல் சுறா ஒன்று வந்து சேர்ந்தது. விலாங்கு போல உடம்பு, சட்டைக்கு வைத்த சுருக்கம் போலச் செவுள், வாய் கொள்ளாமல் முந்நூறு பல். புது அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"'கடலடியில் ஒரு கொலைகாரன்'னு பெருசா எழுதுங்கம்மா. கூட்டம் பிச்சுக்கிட்டு வரணும்."

"இது யாரைக் கொன்னுச்சு சார்?"

"பல்லைப் பாத்தாலே தெரியலையா?"

அவள் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். பிறகு பலகையில் சுறாவையும் பக்கத்தில் ஒரு மாட்டையும் வரைந்து, கீழே எழுதினாள்: 'மாடு ஒன்பது மாதம் கரு சுமக்கும். இந்தச் சுறா மூன்றரை ஆண்டு வரை சுமக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. மாடு முட்டி ஆண்டுதோறும் மனிதர்கள் சாகிறார்கள். இந்தச் சுறா யாரையும் கொன்றதாகப் பதிவில்லை.'

அதிகாரி கொதித்துப் போனார். "சாதுவான மாட்டப் போயி இப்படி எழுதுவீங்களா?"

அவள் வளைந்த வலது காலை முன்னால் நீட்டினாள். "ஏழு வயசுல இத ஒடச்சது சுறா இல்ல சார், எங்க வீட்டு மாடு. புதுசா கன்னு போட்டிருந்துச்சு, பயத்துல முட்டிருச்சு. அதையே நான் கெட்டதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஒண்ணுஞ்செய்யாத இதச் சொல்வேனா?"

அன்றைக்கே பலகை கிடங்குக்குப் போனது. மறுநாள் கதவு திறக்குமுன் அவளே விந்தி விந்திப் போய்த் தூக்கிவந்து மாட்டினாள். சாயங்காலம் காவலாளி கழற்றுவார். காலையில் அவள் மாட்டுவாள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'எழுதியதில் பிழை இருந்தால் காட்டுங்கள், அழித்துவிடுகிறேன்' என்று ஒரே வரியில் பதில் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காவலாளி அதிகாரியின் அறையில் போய் நின்றார். "தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு சார். இனிமே நீங்களே கழட்டிக்குங்க."

அதிகாரி கழற்றவில்லை. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வைத்தான் நிறுத்தி வைத்தார்.

"அவரே வச்சுக்கட்டும்" என்றாள் கணவனிடம், துணி மடித்தபடியே. "அடுத்து நரிக்குப் பலகை எழுதணும். 'தந்திரக்காரன்'னு போடச் சொல்றாரு. போட்டுருவேனா?"