இழுக்க வேண்டிய மருந்து

மருந்துக் கடையில் பின்பக்க அலமாரிதான் அவளுடைய ராஜ்ஜியம். வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்குவாள். தேதி முடிந்தவற்றைத் தனியே எடுத்து வைப்பாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். வாடிக்கையாளரிடம் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலாளி அவளுக்கு வைத்த பெயர் ‘பூட்டு’.

வாய்க்குத்தான் பூட்டு, கண்ணுக்கு இல்லை. பெட்டிகளில் புரியாத ஆங்கிலச் சொல் எதையாவது கண்டால் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டு போய், கல்லூரியில் படிக்கும் தங்கையிடம் கேட்பாள். ஒருநாள் ‘இன்ஹேல்’ அகப்பட்டது.

“மூச்ச உள்ள இழுக்கறது, அக்கா. மருந்துக்கும் சொல்லலாம், புகைக்கும் சொல்லலாம்.”

“சோத்துக்கு?”

“அதுக்கும் சொல்றதுண்டு. நீ சாப்பிடற வேகத்தப் பாத்தா தாராளமா சொல்லலாம்.”

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெயிண்டர் ஒருவர் கடைக்கு வந்தார். மூன்று படி ஏறியதற்கே நெஞ்சு விசிலடித்தது.

“முதலாளி, இந்தக் கேப்சூல் சரியில்ல. வேற நல்லதா குடுங்க. திங்கக்கிழமை ஏழு மாடி வேலை தொடங்குது. இப்படி இரைச்சா சாரத்துல ஏத்த மாட்டேன்னு மேஸ்திரி கறாரா சொல்லிட்டாரு.”

“நானா மாத்திக் குடுக்க முடியாதுப்பா. டாக்டரப் பாரு.”

“அவரு ஊர்ல இல்ல, புதன்கிழமைதான் வருவாராம். பத்து நாளா வேளை தவறாம முழுங்கறேன், தண்ணி குடிச்ச மாதிரிதான் இருக்கு.”

அலமாரியில் அவள் கை நின்றது. அவர் மேசைமேல் போட்ட பெட்டியை எட்டிப் பார்த்தாள். ‘இன்ஹேல்’ என்று போட்டிருந்த அதே பெட்டி. பெயிண்டரோ படியிறங்கத் திரும்பிவிட்டார்.

“அண்ணே.” குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அது முழுங்கறதில்ல, மூச்சோட இழுக்கறது. கூட ஒரு சின்னக் கருவி குடுத்திருப்பாங்களே?”

“விசில் மாதிரியா? அத எம்பொண்ணு கரடி பொம்மைக்கு மூக்கா வச்சிருக்கும்மா.”

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெட்டியைப் படித்தார். பத்து நாளைக்கு முன் விற்றபோது, கடையில் இருந்த கூட்டத்தில் சொல்லிக்கொடுக்காமல் விட்டது தாம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. புதுக் கருவி ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்துக் கேப்சூலைக் கருவிக்குள் போட்டுத் திருகினாள். “மூச்ச முழுசா வெளிய விடுங்கண்ணே. இப்ப வாயில வச்சு நல்லா இழுங்க. நான் பத்து எண்ணற வரைக்கும் அடக்குங்க.”

ஆறிலேயே இருமிவிட்டார்.

“தூள் இன்னும் மிச்சம் இருக்கு. மறுபடி இழுங்க.”

“டீச்சரம்மா ரொம்பக் கண்டிப்பு” என்றார் பெயிண்டர். ஆனால் இழுத்தார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பத்து வரை நின்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளைப் பெயிண்டோடு வந்து நின்றார்.

“சாரத்துலேர்ந்து நேரா வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே ஒரு பையை அவள் முன் கவிழ்த்தார். களிம்பு, சொட்டு மருந்து, அட்டை அட்டையாக மாத்திரை. “வீட்டுல இருக்கற மருந்து மொத்தமும் இதான். எத எப்படின்னு பாத்துச் சொல்லும்மா. மாமியாரோடத மட்டும் நிதானமாப் பாத்தாப் போதும்.”

முதலாளி ஒரு ஸ்டூலை எடுத்து வந்து கடையின் முன்பக்கம் அவளுக்குப் போட்டார்.