ரஹீம் பாயின் எலக்ட்ரானிக் கடிகாரமும் ஓர் அடைக்கோழியும்

ரஹீம் பாய் போய்விட்டார். இன்று காலை, தருமபுரியில். அவருடைய மருமகன் அனுப்பிய மெசேஜை மூன்று தடவை படித்தேன்...

எழுபதுகளில் தருமபுரி பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர், அவர் மெக்கானிக்.

அப்போதெல்லாம் ஊரில் போன் வைத்திருந்தவர்கள் எங்களைக் கூப்பிட்டு "மணி என்னங்க?" என்று கேட்டு அக்கம்பக்கத்துக்கும் சொல்வார்கள். எங்கள் சுவர்க் கடிகாரமோ வெயிலுக்கு ஒரு மணி, பனிக்கு ஒரு மணி காட்டும். அதை நம்பி மொரப்பூருக்கு ரயிலேறப் போனவர்கள், ரயிலைக் கோட்டைவிட்டு வந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ராணுவ ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு கிரிஸ்டலை பெங்களூரில் வாங்கி வந்து, டிரான்சிஸ்டர்களைக் கோத்து, எலக்ட்ரானிக் கடிகாரமே செய்துவிட்டார்!

அந்தக் கிரிஸ்டலின் துடிப்பை வைத்துத்தான் கடிகாரம் ஓடும்; ஆனால் அதற்கு எப்போதும் ஒரே சூடு வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தாலும் துடிப்பு மாறி நேரம் பிசகும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான் தாங்கும்; பல்பு போட்டுச் சூடாக்கலாம் என்றால் கரண்ட் நினைத்தபோதுதான் வரும்.

ஒருநாள் கூடையோடு வந்தார். உள்ளே அடைக்கோழி. முட்டைகளுக்கு நடுவே கிரிஸ்டல் வைத்த தகர டப்பா, அதிலிருந்து கடிகாரத்துக்கு ஒரு ஒயர்.

"கோழிக்கு கரண்ட் கட் கிடையாது தங்கச்சி." சிரிக்கவே இல்லை மனுஷன்.

யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். பெரிய அதிகாரி பாயைப் போனில் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் ஓடட்டும். நானே வந்து ரேடியோ பீப்போட வச்சுப் பாப்பேன். ஒரு செகண்ட் பிசகினாலும் உன்ன தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்."

பாயின் மகள் அப்போது பத்தாவது. நடுவில் மாற்றல் வந்தால் அவள் படிப்பு அதோடு சரி.

ஏழாம் நாள் காலை... குஞ்சு பொரித்துவிட்டது. கோழி பரிவாரத்தோடு கொல்லைக்கு இறங்கிப் போய்விட்டது. அதிகாரி வர இன்னும் இரண்டு மணி நேரம்.

"ஏற்கனவே அரை செகண்ட் போயிருச்சு தங்கச்சி. இது ஆறுச்சுன்னா மீதியும் போயிரும்..." பாய் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

அவர் அதிகாரிக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். நான் லைன் இணைக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்தே இருப்பவள். டப்பாவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மேலே சேலைத் தலைப்பு.

ஒரே கையால் போர்டில் ஒயர் சொருகுவதை அதிகாரி பார்த்துவிட்டார். "கை என்னம்மா?"

"சுளுக்குங்க சார்."

மதியச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் பீப் வந்தது. பிசகு அரை செகண்டுக்கு மேல் போகவில்லை! நான் அப்போதுதான் மூச்சே விட்டேன்.

அதிகாரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "கிரிஸ்டலை எப்படிய்யா ஒரே சூட்டுல வச்சிருக்க?"

பாய்க்குப் பொய் வராது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட குணம் அதுதான்.

"இத்தன நாளா எங்க வூட்டுக் கோழிங்க சார். காலையில இருந்து இந்தத் தங்கச்சி கக்கமுங்க."

எனக்கு மானமே போயிற்று. அதிகாரி என்னைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கும்மா இப்படியே உக்காந்திருப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "அடுத்த கோழி அடைக்கு உக்கார்ற வரைக்குமுங்க சார்."

அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாற்றல் வரவில்லை.

மகள் பத்தாவது பாஸ் செய்த அன்று பாய் எனக்குத் தூக்கு நிறைய பிரியாணி கொண்டு வந்தார். திறந்து பார்த்துவிட்டு, "அந்தக் கோழியா பாய்?" என்று கேட்டேன்.

முறைத்தார் பாருங்கள் ஒரு முறை...

"அது சர்வீஸ்ல இருக்குதும்மா."

போய்ட்டு வாங்க பாய். சிரிச்சுக்கிட்டே அழுதுட்டிருக்கேன்.