கோட்டை ஒட்டி ஒரு அடுப்பு

ஓசூர்க் கடைத்தெருவை அகலப்படுத்த வந்த ஓவர்சியர், இட்லிக்கடைக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டார். நான்கு பெஞ்சுகளில் மூன்று கோட்டுக்கு வெளியே போயின. முழங்கைவரை மாவு காய்ந்திருக்கும் கடைக்கார அம்மாள் வழக்கம்போல் முதலில் சிரித்தார். தினமும் அங்கே காப்பி குடிக்கும் நான்தான் பதறிக் கேட்டேன்.

“இனி எங்கேம்மா உக்கார வைப்பே? கடையே போச்சே!”

“எதுக்கு உக்காரணும் சாமி? உக்காந்தா ஒரு காப்பிக்கு ஊர்க்கதை பூரா பேசறீங்க. நின்னா தின்னுட்டு பஸ் ஏறிடுவாங்க.”

அன்றே கோட்டின்மேல் மஞ்சள்தண்ணீர் தெளித்து, அதை ஒட்டிப் புது அடுப்பு போட்டார். சுவரை இடித்த மறுநாள், பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய பதினேழு பேர் தெருவில் நின்றபடியே சாப்பிட்டார்கள். பதினெட்டாவதாக நானும் போய் நின்றேன்.

“சாமி, மிச்சப் பெஞ்சு உங்களுக்குத்தான். கவலைப்படறதுன்னா உக்காந்து படுங்க!”

மரியாதையோ கேலியோ, உட்கார்ந்துவிட்டேன்.